பித்தளை ஆணி

ஏழு ஆணி. ஆறு துரு.
ஒன்று மட்டும் எவரோ பிற்பாடு அடித்த பித்தளை.
எழுகடல் தெருவில் என் கடைப் பலகைமேல்
கண்ணாடி கீழாகக் கவிழ்ந்து கிடக்கிறது
நாயக்கர் புதுத்தெரு வீட்டின் கூடத்துப் படம்.

"வீடு பேசி முடிச்சாச்சு மேடம்.
நாலு பங்குக்கு நாலு காப்பி போடணும்.
நடுவுல அந்த ஓட்டைய மட்டும் மூடிருங்க"
என்றவர் பெயர் சிவஞானவேல்.
ஓட்டையில் இருந்தது யார் என்று கேட்டேன்.
"பூச்சி அரிச்சது" என்றார்.

பூச்சிகளோடு எனக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம்.
பசை வாசம் பிடித்துப் போகிற ஜாதி அது,
கொண்டைக்கும் காதுக்கும் வளைந்து கொடுக்கத் தெரியாது.
இது கத்தரி.
தலையைச் சுற்றும்போது நிதானமாக வந்து
இடுப்புக்குக் கீழே
கை நடுங்கியோ கோபம் தீர்ந்தோ
நாற்காலிக் காலையும் சேர்த்து நறுக்கிய கத்தரி.

மிச்சம் ஒன்பது பேர்.
கோட்டுக்குக் கீழே வேட்டி கட்டிய தகப்பனார்,
தரையில் கால் எட்டாத பிள்ளைக்கு யாருடையதோ பூட்ஸ்,
பின்திரையில்
இதுவரை ஒருவரும் ஏறாத வெள்ளைக்காரப் படிக்கட்டு.
ஸ்டூடியோக்காரர் எண்ணத் தொடங்கிய எண்
இன்னும் முடியாததுபோல்
எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை அட்டையிலிருந்து பிரித்தேன்.
அட்டையில் அவள் இருந்தாள்.

ஓட்டை வழியே நுழைந்த கூடத்து வெயில்
எண்பத்தேழு சித்திரை
அதே இடத்தில் அதே அளவாய் விழுந்து
பழுப்பாய் வார்த்து வைத்திருக்கிறது:
கொண்டை, கழுத்து, ஒருபக்கம் சரிந்த தோள்.
முகம் கேட்காதீர்கள்.
நிற்கிற விதம் இருக்கிறது.

அட்டைக்குப் பின்னால் நாலாய் மடித்த கடிதம்,
ஈப்போவிலிருந்து.
உறையில் தபால்தலை இருந்த இடம் சதுரமாய்க் காணோம்.
அந்த வீட்டில் கத்தரிக்கு ஓய்வே கிடையாது.

"சிரஞ்சீவி தம்பி குமரகுருவுக்கு
அக்காள் அங்கயற்கண்ணி எழுதிக்கொண்டது.
இவ்விடம் நாங்கள் மூவரும் க்ஷேமம். மழை விடவில்லை.
படத்திலிருந்து என்னை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய்.
யார் கையால் என்று கேட்கமாட்டேன், நீயும் எழுதாதே.
ஒன்று மட்டும் பார்த்துச் சொல்.
அன்றைக்குச் சௌந்தரத்துக்குக் காய்ச்சல்.
விழுந்துவிடாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அந்தக் கையையும் எடுத்துவிட்டார்களா?"

பித்தளை ஆணி யார் அடித்தது என்று தெரிந்துவிட்டது.
பதில் போனதா என்பது தெரியவில்லை.

லென்ஸை வைத்துப் பார்த்தேன்.
சௌந்தரத்தின் இடத்தோளில், ரவிக்கைக் கரைமேல்
நான்கு விரல்.
ஒன்றில் நெளிமோதிரம்.
கத்தரி அதுவரை வந்து
சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

சிவஞானவேலுக்குப் போன் போட்டேன்.
"பழைய கடுதாசியா? பத்திரம் கித்திரம்னா எடுத்து வைங்க மேடம்,
மத்ததக் கிழிச்சுப் போட்ருங்க.
அசலும் வேணாம், தூசி."

நான்கு நாள் வேலை.
கணினியில் படிக்கட்டை இழுத்து ஓட்டையை மூடினேன்.
இரண்டு படி கூடிப்போயிற்று,
எண்ணிப் பார்க்க அந்த வீட்டில் ஆள் இல்லை.
பிறகு விரல்கள்மேல் சுட்டியைக் கொண்டுபோனேன்.
அழிக்க ஒரு நொடி.
காய்ச்சல்காரப் பெண் நேராக என்னைப் பார்த்தாள்.
டீ குடிக்க எழுந்து போய்விட்டேன்.

அசல், அட்டை, கடிதம் மூன்றையும்
பழைய சட்டத்திலேயே வைத்து
அதே துளைகளில் அடித்தேன்.
பித்தளையைக் கடைசியாக.

சனிக்கிழமை
நாலு பிரதியையும் எண்ணி வாங்கிக்கொண்டார்.
அவர் மனைவி ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்து
சௌந்தரத்தின் தோளைத் தடவினார்:
"அந்தக் காலத்து நகையப் பாருங்க, என்ன ஒரு வேலைப்பாடு.
பங்கு பிரிச்சதுல
இது யாருக்குப் போச்சுன்னே தெரியலையே."